கடலுக்கு வேண்டிய சாமான்கள்

ஒரே ஒரு ஊரிலே, கடலே இல்லாத ஊரிலே, ஒரு குருவும் ஒரு சீடரும் இருந்தார்களாம். குருவுக்கு வயது முப்பத்தொன்று. சீடருக்கு அறுபது நெருங்கிக்கொண்டிருந்தது. குருவிடம் ஒரு பழைய ஸ்கூட்டர் இருந்தது. சீடரிடம் போர்வெல் வண்டிகள் இருந்தன. அவை எல்லாம் வடக்கே எங்கேயோ யாருடைய காட்டிலோ பாறையைத் துளைத்துக்கொண்டிருந்தன.

இப்படியும் ஒரு குருவும் சீடரும் உண்டா என்று கேட்டால், உண்டு. கேளுங்கள்.

குருவின் பெயர் ஜெசிந்தா. தூத்துக்குடிப் பெண். வாக்கப்பட்டு இந்தப் பக்கம் வந்தவள். பஸ் நிலையத்துக்குப் பின்னால் வண்ண மீன் கடை வைத்திருந்தாள். கடையின் பின்கட்டில் ஒரே ஒரு கடல் தொட்டி. அதில் ஆரஞ்சும் வெள்ளையுமாக இரண்டு மீன்கள். அந்த ஊரில் கடல் என்று இருந்தது அவ்வளவுதான்.

சீடரின் பெயர் அத்தியப்பன். மனைவி வெகு காலம் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். மகள் சுகந்தியைத் தனியாளாக வளர்த்துக் கட்டிக்கொடுத்தார். மாப்பிள்ளை பிரபு தங்கமான பையன். பங்குனியில் ஒரு காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்குத் தன் காலால் நடந்து போனவன் திரும்பி வரவில்லை.

சுகந்தி அப்பா வீட்டுக்கு வந்து உள்ளறையில் படுத்தாள். சோறு வைத்தால் இரண்டு வாய் தின்றாள். வைக்காவிட்டால் கேட்கவில்லை. யாராவது வந்து அழுதால் கூடச் சேர்ந்து அழுதாள். அவர்கள் போனதும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளாக ஒரு வார்த்தை பேசி அப்பா கேட்கவில்லை. பெண் நாளுக்கு நாள் கரைந்துகொண்டு வந்தாள்.

ஆயிரம் அடி ஆழத்தில் ராடு கழன்று விழுந்தாலும் கொக்கி போட்டு மேலே தூக்கத் தெரிந்த மனிதர் அத்தியப்பன். இதை எப்படித் தூக்குவது என்று அவருக்குத் தெரியவில்லை.

யோசித்து யோசித்து ஒன்று ஞாபகம் வந்தது. கல்யாணமான புதிதில் சுகந்தியும் பிரபுவும் அந்தமான் போய் வந்தார்கள். அடியில் கண்ணாடி வைத்த படகில் போனதை அவள் பேசிப் பேசி மாய்ந்தாள். "தண்ணிக்கு அடியில ஒரு ஊரே இருக்குதுப்பா" என்றாள்.

அந்த ஊரை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவது என்று அவர் முடிவு செய்தார்.

சித்திரை வெயிலில் ஜெசிந்தாவின் கடை முன்னால் ஒரு மினி லாரி வந்து நின்றது. வண்டி நிறையச் சாமான். ஆள் நீட்டிப் படுக்கிற அளவில் கண்ணாடித் தொட்டி. விளக்குகள், மோட்டார்கள், வடிகட்டிகள், வாளி வாளியாகக் கடல் உப்புப் பொடி, மூட்டை மூட்டையாகப் பவள மணல்.

போர்வெல் வண்டிக்காரர்கள் அப்படித்தான். வெளிமாநிலம் கிளம்பினால் டீசல், ராடு, அரிசி, புளி, தலைவலித் தைலம் வரைக்கும் ஏற்றிக்கொண்டுதான் கிளம்புவார்கள். போகிற இடத்தில் ஒன்றும் கிடைக்காது என்று வைத்துக்கொள்வது அவர்கள் தொழில் பழக்கம்.

"எல்லாம் வாங்கியாச்சுங்க அம்மணி. உள்ள இருக்கற ரெண்டு மீனையும் குடுத்தீங்கன்னா வேலை முடிஞ்சுதுங்க" என்றார் அத்தியப்பன்.

"எல்லாம்னா?"

"கோயமுத்தூர்க் கடையில என்னென்ன இருந்துச்சோ அத்தனையும்."

ஜெசிந்தா வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். ஒரு பெட்டியைத் தூக்கிக் காட்டினாள்.

"இது என்ன அண்ணாச்சி?"

"தெரியலீங்க."

"இது?"

"அதும் தெரியலீங்க. நல்லதுன்னு சொன்னாங்க."

"இது தண்ணியச் சூடாக்குற கருவி."

அத்தியப்பன் அதை வாங்கிப் பார்த்தார். பிறகு தார் உருகிக்கொண்டிருந்த ரோட்டைப் பார்த்தார்.

"இந்த ஊர்லயா?"

"அதத்தான் நானும் கேக்கேன்."

கடைக்குள் ஒரு ஸ்டூல் போட்டு அவரை உட்காரச் சொன்னாள். யாருக்காக என்று கேட்டாள். அவர் சொன்னார். பிரபுவைச் சொன்னார், காய்ச்சலைச் சொன்னார், அந்தமானைச் சொன்னார். சொல்லும்போது துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"உங்க மக இதக் கேட்டாங்களா?"

"அவ எதையும் கேக்கறதில்லீங்க. அதுதானுங்க பயமா இருக்குது. இப்படியே விட்டா எம்புள்ளையும் எனக்கு இல்லாமப் போயிரும்."

ஜெசிந்தா பின்கட்டுத் தொட்டியை ஒரு முறை பார்த்தாள். பிறகு, "மீன் இப்பத் தர முடியாது அண்ணாச்சி" என்றாள்.

"ஏனுங்க?"

"தண்ணி வைக்கத் தெரிஞ்சவங்களுக்குத்தான் குடுப்பேன்."

"நான் முப்பது வருசமாத் தண்ணியோட கெடக்கறவனுங்க அம்மணி."

"நீங்க தண்ணிய எடுக்குறவங்க. இது வைக்குறது."

அவர் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். "அப்ப வைக்கறதுக்குச் சொல்லிக் குடுங்க. உங்க சொல்லுக்கு நிக்கறேன்."

"நிப்பீங்களா?"

"நிக்கறேனுங்க."

அப்படித்தான் அவர் சீடரானார்.

"தொட்டியும் உப்பும் மணலும் இருக்கட்டும். ஒரு சின்ன மோட்டார், ஒரு விளக்கு போதும். மத்ததத் திருப்பிக் குடுத்துருங்க. நாளைக்கு ஒரே ஒரு வாளி கொண்டாங்க."

"வாளியா?"

"ஆமா, வாளி."

மறுநாள் அத்தியப்பன் வீட்டிலிருந்து ஒரு நீல வாளியைக் கொண்டுவந்தார். ஜெசிந்தா அதற்குள் தலையை விட்டு மோந்து பார்த்தாள்.

"சோப்பு."

"நல்லாக் கழுவித்தானுங்க கொண்டாந்தேன்."

"எதைப் போட்டுக் கழுவினீங்க?"

அவர் வாளியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"சோப்பே படாத வாளி வேணும். இதுக்குன்னே ஒரு வாளி. கால் கழுவ, துணி நனைக்க, ஒண்ணுக்கும் எடுக்கக்கூடாது."

"எங்கக்கா ஒருத்தி இருக்கறா, நாச்சாத்தாள்னு. அவ கண்ணுல வாளி பட்டா மாட்டுக்குத் தவுடு கரைச்சிருவாளுங்க."

"அப்பம் அவுக கண்ணுல படாம வைங்க."

அடுத்த முறை புது வாளி வந்தது. கடைச் சீட்டைக்கூட அவர் கிழிக்கவில்லை. ஜெசிந்தா தலையாட்டினாள்.

"இனி தண்ணி."

அத்தியப்பனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. தண்ணீர் என்றால் அவர் பேட்டை.

"அம்மணி, எங்க வூட்டு போர்த் தண்ணி வாயில வைக்க முடியாதுங்க. அத்தனை உப்பு. பாதிக் கடல் ஏற்கனவே பூமிக்குள்ள இருந்து வருது. மீதிக்குப் பொடியப் போட்டுக்கலாம்."

"அது பாறை உப்பு அண்ணாச்சி. அதுல சட்டி வெளுக்கும், மீன் பொழைக்காது. மெஷின்ல வடிச்ச நல்ல தண்ணிதான் வேணும். உப்பே இல்லாதது."

"கடல் பண்றதுக்கு நல்ல தண்ணியா?"

"ஆமா."

"நாங்க குடிக்கறதே அதுக்கு ஒரு படி கீழதானுங்க" என்றார் அவர். ஆனாலும் கேன் கேனாக வாங்கி இறக்கினார்.

ஜெசிந்தா அவரையே கரைக்கச் சொன்னாள். வாளியில் தண்ணீர் விட்டு, அளந்து பொடியைப் போட்டு, மோட்டாரை ஓடவிட்டு, பால் மாதிரிக் கலங்கியது கண்ணாடி மாதிரித் தெளிகிறவரை பக்கத்திலேயே உட்காரச் சொன்னாள். அவர் உட்கார்ந்தார். தெளிந்ததும் ஒரு விரல் நீளக் குழாயை எடுத்தாள். அதன் ஒரு முனையில் ஒரு சொட்டு விட்டு, மறுமுனையில் கண்ணை வைத்து, வெளிச்சத்தைப் பார்த்தாள். பிறகு அவரிடம் கொடுத்தாள்.

உள்ளே மேல்பாதி நீலம், கீழ்ப்பாதி வெள்ளை. இரண்டும் சேருகிற இடத்தில் ஒரு கோடு.

"அந்தக் கோடு எதுல நிக்கிதோ அதுதான் உப்போட அளவு. இப்பச் சரியா நிக்கிது. இந்தக் கோட்டுலதான் கடல் இருக்கு."

அத்தியப்பன் வெகு நேரம் கண்ணை எடுக்காமல் பார்த்தார்.

"இத்தனை சின்னக் கோட்டுலயா" என்றார்.

தொட்டி வைக்கிற இடம் பார்க்க ஜெசிந்தா அவர் வீட்டுக்கு வந்தாள். அவர் மகளின் அறையைத் திறந்து காட்டினார். கட்டிலுக்கு நேர் எதிரே, சுவரை ஒட்டி இடம் ஒதுக்கி வைத்திருந்தார். சுகந்தி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். இவர்கள் வந்ததற்கும் போனதற்கும் திரும்பவில்லை.

"இங்க வேண்டாம்" என்றாள் ஜெசிந்தா.

"கண்ணத் தொறந்தா நேரா கடல் தெரியணும்னு நெனச்சனுங்க."

"சன்னல் வெயில் நேரா விழுது. பாசி பிடிச்சுரும். கூடத்துல வைங்க, அடுப்படிக்குப் போற வழியில."

"அவ அங்க வரமாட்டாளுங்களே."

"தொட்டி அங்கதான் நிக்கும்."

சீடர் என்பதால் அவர் எதிர்த்துப் பேசவில்லை.

கூடத்தில் மணலைப் பரப்பினார்கள். ஜெசிந்தா கொண்டுவந்த துளைத்துளையான காய்ந்த பாறைகளை அடுக்கினார்கள். கரைத்த தண்ணீரை ஊற்றினார்கள். ஜெசிந்தா சின்ன மோட்டாரைத் தேடினாள். அதற்குள் அத்தியப்பன் ஆசையாய்த் தன் கையாலேயே ஒன்றை மாட்டிச் சுவிட்சைப் போட்டார். தொட்டிக்குள் புழுதிப் புயல் கிளம்பியது. மணல் முழுவதும் ஒரு மூலைக்குப் போய்க் குவிந்தது. நடுவில் கண்ணாடித் தரை தெரிந்தது.

"எந்த மோட்டார் இது?"

"இருந்ததுலயே பெருசுங்க. இத மட்டும் திருப்பிக் குடுக்க மனசு வரல."

"அண்ணாச்சி, இங்க யாரும் போர் போடலை."

அவர் வாயை மூடிக்கொண்டு சின்ன மோட்டாரை மாட்டினார். மணலைக் கையால் நிரவினார்.

வெயில் காலம் என்பதால் தண்ணீருக்கு மேல் ஒரு சின்ன மின்விசிறியை ஓடவிடச் சொன்னாள். காற்று பட்டால் தண்ணீர் குளிரும் என்றாள். தன் கடைத் தொட்டியிலிருந்து கொண்டுவந்த ஒரு கல்லையும் இரண்டு நத்தைகளையும் உள்ளே விட்டாள்.

"இந்தக் கல்லுல கண்ணுக்குத் தெரியாத உயிர் இருக்கு. அது மத்தக் கல்லுக்கெல்லாம் ஏறி வளரணும். அதுவரைக்கும் மீன் கிடையாது."

"வெறுந் தண்ணியப் பாத்துட்டு உக்காந்திருக்கணுமா?"

"ஆமா. ஒரே ஒரு வேலைதான் உங்களுக்கு." கண்ணாடியில் ஒரு துண்டு டேப்பை ஒட்டினாள். "தண்ணி எப்பவும் இந்த மட்டத்துல நிக்கணும். குறைஞ்சா ஊத்தி நிரப்பணும். அவ்வளவுதான்."

அவர் சரி என்றார். எந்தத் தண்ணீர் என்று அவர் கேட்கவில்லை.

அந்த நேரத்தில் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. நாச்சாத்தாள் வந்தார், கூட இன்னும் இரண்டு பெண்கள். நேராக உள்ளறைக்குப் போனார்கள். கொஞ்ச நேரத்தில் குரல் எழுந்தது.

"எந்தங்கம், எம்பட சாமி, ராசா மாதிரி இருந்தானே, உன்னய உட்டுட்டுப் போக அவனுக்கு எப்படி மனசு வந்துச்சு."

அதற்குக் கீழே, மெல்லியதாய், சுகந்தி அழுகிற சத்தம்.

ஜெசிந்தா மேசையில் சிந்தியிருந்த தண்ணீரைத் துணியால் ஒற்றிக்கொண்டிருந்தாள்.

"தினமும் வாராங்களா?"

"நான்தானுங்க வரச் சொல்றது" என்றார் அத்தியப்பன். "தாயில்லாத புள்ள. தனியா இருக்கக்கூடாது பாருங்க. காலைல ஒருத்தர், மத்தியானம் ஒருத்தர்னு சொல்லி வெச்சிருக்கறேன். சாயங்காலம் யாரும் வரலீன்னா நானே வாசப்படியில உக்காந்துக்குவேன்."

"உக்காந்து?"

"மாப்பிள்ளையப் பத்திப் பேசுவேனுங்க."

உள்ளே அழுகை ஓய்ந்தது. பெண்கள் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார்கள். நாச்சாத்தாள் தொட்டியை எட்டிப் பார்த்தார்.

"ஏண்டா அத்தியப்பா, மீனெங்கடா?"

"இன்னும் வரலக்கா."

"மீனில்லாத தண்ணிக்குக் காத்தாடியா போட்டு வெச்சிருக்கற? எனக்கு ஒண்ணு போடறதுக்கு ஆளக் காணோம்" என்று சொல்லிக்கொண்டே காப்பி குடிக்க உட்கார்ந்தார்.

ஜெசிந்தா ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

சீடர் தன் வேலையைக் குறையில்லாமல் செய்தார். காலையில் எழுந்ததும் முதல் பார்வை அந்த டேப்பின் மேல்தான். விசிறிக் காற்றிலும் வெயிலிலும் தண்ணீர் ஒவ்வொரு நாளும் ஒரு விரற்கடை இறங்கியிருக்கும். புது வாளியில் நல்ல தண்ணீர் விட்டு, அளந்து பொடி போட்டு, தெளிகிறவரை பக்கத்தில் உட்கார்ந்து, டேப் மட்டத்துக்கு ஊற்றி நிரப்புவார். ஒரு நாள்கூடத் தவறவில்லை.

சாயங்காலம் மகளின் வாசற்படியில் உட்கார்ந்து, "மாப்பிள்ளைக்கு உன்னோட கொள்ளு ரசம்னா உசுரு, இல்லையா கண்ணு" என்பார். சுகந்தியின் முதுகு குலுங்கும். அவருக்கும் கண் நிறையும். எழுந்து போய்த் தொட்டியைப் பார்ப்பார். மணல், கல், தண்ணீர். இரண்டு நத்தைகள்.

வைகாசியில் ஒரு நாள் காலை, நத்தைகள் அசையவில்லை. மறுநாளும் அசையவில்லை. அன்று அத்தை நாச்சாத்தாளிடமும் சுகந்தி முகம் கொடுக்கவில்லை. சோற்றுத் தட்டு வைத்தபடி இருந்தது.

அத்தியப்பன் ஜெசிந்தாவுக்குப் போன் செய்தார். "அம்மணி, கொஞ்சம் வந்துட்டுப் போறீங்களா" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அவள் வந்தாள். நத்தைகளைத் தொட்டுப் பார்த்தாள்; உயிர் இருந்தது. குழாயை எடுத்துத் தொட்டித் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, தான் பார்க்காமலே அவரிடம் நீட்டினாள்.

அவர் கண்ணை வைத்தார். கோடு இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. வெகுவாக மேலே ஏறிப் போயிருந்தது.

"இந்தக் கண்ணாடி கெட்டுப் போச்சாட்ட இருக்குதுங்க."

"கெடலை."

"நான் கையளவு தப்பாமத்தானுங்க ஊத்தினேன்."

"என்ன ஊத்தினீங்க?"

"கடல் தண்ணிதான். நீங்க சொல்லிக் குடுத்த மாதிரி கரைச்சு, தெளிய வெச்சு."

"ஏன் கடல் தண்ணி?"

அவருக்குக் கேள்வியே புரியவில்லை. "தொட்டியில குறைஞ்சது கடல் தண்ணி. போனது எதுவோ அதையே ஊத்தினாத்தானுங்களே கணக்கு நேராகும்?"

ஜெசிந்தா அடுப்படிக்குப் போய் ஒரு எவர்சில்வர் தட்டை எடுத்துவந்தாள். தொட்டியிலிருந்து கொஞ்சம் தண்ணீரை மொண்டு தட்டில் பரவலாக ஊற்றினாள். வெளியே போய் வாசல் படிக்கட்டுச் சுவர் மேல் வெயிலில் வைத்தாள். நிழலில் வந்து உட்கார்ந்தாள்.

"மோர் இருக்கா அண்ணாச்சி?"

அவர் கொண்டுவந்து கொடுத்தார். அவள் நிதானமாகக் குடித்தாள்.

"எங்க வீட்டுக்குப் பின்னாடி உப்பளம்" என்றாள். "சின்ன வயசுல அங்கதான் விளையாட்டு. பாத்தி கட்டிக் கடல் தண்ணிய விடுவாங்க. வெயில்ல வத்தும். வத்த வத்த மறுபடியும் கடல் தண்ணியே விடுவாங்க. மறுபடியும் வத்தும். மறுபடியும் விடுவாங்க."

"எதுக்குங்க?"

"அப்பத்தான உப்பு விளையும்."

அரை மணி நேரத்தில் தட்டு காய்ந்துவிட்டது. அவள் எழுந்து போய் அவரைக் கூப்பிட்டாள். தண்ணீர் இல்லை. தட்டு முழுக்க வெள்ளையாய் ஒரு படலம் ஏறியிருந்தது.

"தண்ணி எங்க போச்சு?"

"வெயில்ல போயிருச்சுங்க."

"உப்பு?"

அத்தியப்பன் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நீங்க மீன் வளக்கலை அண்ணாச்சி. உப்பு விளைய வச்சிக்கிட்டு இருந்தீங்க."

"நீங்க ஒரு வார்த்தை சொல்லலையே அம்மணி."

"கேப்பீங்கன்னு இருந்தேன். எந்தத் தண்ணின்னு யாரும் கேக்காம இருக்கமாட்டாங்க. நீங்க கேக்கலை. உங்களுக்கு அவ்வளவு நிச்சயம்."

அவர் தலையைத் தடவிக்கொண்டார். "அப்ப உள்ள இருக்கற உப்பையெல்லாம் எடுத்துறலாங்களா?"

"எல்லாத்தையும் எடுத்தா அது கடல் இல்லையே. அந்த நத்தையும் பொழைக்காது. உப்பு அதுபாட்டுக்கு இருக்கும். கொஞ்சம் மொண்டு கொட்டிட்டு, வெறும் நல்ல தண்ணிய விடுங்க. அதுவும் நாளைக்கு ஒரு செம்பு, மறுநாள் ஒரு செம்புன்னு. அவசரப்பட்டீங்கன்னா கல்லுல இருக்க உயிர் தாங்காது. மட்டம் வந்த பிறகு, குறையுறதுக்கெல்லாம் நல்ல தண்ணிதான்."

"சரிங்க."

அவள் குழாயைத் துடைத்துப் பையில் வைக்கப் போனாள். அவர் போகவிடாமல் அங்கேயே நின்றார்.

"அம்மணி, தொட்டி கெடக்குது. எம்புள்ள எப்பங்க எந்திரிப்பா? எனக்கு அதச் சொல்லுங்க."

ஜெசிந்தா அவரைப் பார்த்தாள்.

"நேத்து அவங்ககிட்ட என்ன பேசுனீங்க?"

"மாப்பிள்ளையப் பத்தித்தான்."

"முந்தாநாள்?"

"அதேதானுங்க. வேற என்னத்தப் பேசறது? அவளுக்குப் போனது அவன். போனது எதுவோ அதையேதான நாம…"

அவர் நிறுத்தினார்.

சற்று முன்னால் தானே சொன்ன வார்த்தை திரும்பி வந்து அவர் வாயில் நின்றது. கையை நீட்டிப் படிக்கட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டார். ஜெசிந்தா குழாயைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். ஏற்கனவே அது சுத்தமாகத்தான் இருந்தது.

உள்ளே செம்பு வைக்கிற சத்தம் கேட்டது. சுகந்தி தண்ணீர் குடிக்க அடுப்படிக்கு வந்திருந்தாள். திரும்பும்போது வாசல் பக்கம் பார்த்தாள். வெயிலில் பளபளத்த தட்டு கண்ணில் பட்டிருக்க வேண்டும். நிலைப்படி வரைக்கும் வந்து நின்றாள். தலை கலைந்திருந்தது. வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கினாள்.

"இது என்னப்பா?"

எத்தனையோ நாளுக்குப் பிறகு அவளாகக் கேட்ட கேள்வி. சொல்லுவதற்கு அவரிடம் எல்லாம் தயாராக இருந்தது.

"கடல் கண்ணு. நீயும் மாப்பிள்ளையும் அன்னைக்கு…"

அவள் முகம் மாறத் தொடங்கியது. கீழுதடு அசைந்தது.

அவர் வாயை மூடினார். அது அவருக்கு எளிதாக இல்லை.

"உப்பு" என்றார்.

"உப்பா?"

"ஆமா கண்ணு. காயட்டும்னு வெச்சது."

சுகந்தி இரண்டு படி இறங்கி வந்தாள். விரல் நுனியால் தொட்டு நாக்கில் வைத்தாள். முகத்தைச் சுளித்தாள்.

"கசக்குது."

"கசக்குந்தான்."

"இதையா சமையலுக்குப் போடப்போறீங்க?"

"இல்ல, மீனுக்கு."

"எந்த மீனுக்கு?"

"இன்னும் வரல."

அவள் அப்பாவைப் பார்த்தாள். பிறகு யாரென்று தெரியாத அந்தப் பெண்ணைப் பார்த்தாள். இன்னும் ஏதோ வரும் என்று காத்திருந்தவள் போல நின்றாள். ஒன்றும் வரவில்லை. தெருவில் சிலிண்டர் வண்டி ஒன்று மணியடித்துக்கொண்டு போனது.

"சோறு திங்கற தட்டு இது" என்றாள். "வேற தட்டே கெடைக்கலையா."

தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அடுப்படியில் குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. தட்டைத் தேய்க்கிற சத்தமும் கேட்டது.

அத்தியப்பன் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தார். வெகு நேரம் கழித்து, உள்ளே காதில் விழாத குரலில், "நான் ஒண்ணுமே சொல்லலீங்களே அம்மணி. இது போதுங்களா?" என்றார்.

ஜெசிந்தா பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"இன்னைக்கு ஒரு செம்பு ஆச்சு அண்ணாச்சி."

செருப்பைப் போட்டுக்கொண்டு படியிறங்கி நடந்தாள்.